ஒரு டன் ஜிப்ஸியும் முழங்கால் தண்ணீரும்

டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது தண்ணீர்.

சத்தியமங்கலத்தில் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப். பின் ஆக்ஸிலுக்கு அடியில் பழைய பெயின்ட் டப்பா ஒன்றை வைத்துவிட்டு மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் திருப்பினார். ராத்திரி முழுக்க வண்டி அசையாமல் நின்றிருந்ததால் டிஃபரன்ஷியலுக்குள், அதாவது எஞ்சினின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் கூட்டுக்குள், போயிருந்த தண்ணீர் அடியில் தங்கியிருந்தது. அரை டம்ளர் இருக்கும். அது வடிந்து முடிந்ததும் ஆயில் வந்தது. தேன்போலக் கெட்டியாக இறங்க வேண்டிய கியர் ஆயில், பால் தூக்கலாக ஊற்றிய டீயின் நிறத்தில் நுரையோடு இறங்கியது. அண்ணன் அதில் ஒரு விரலைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆத்துல எறக்குனீங்களா?"

"ஆமாங்கண்ணா. மோயாத்துல."

"எறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நிறுத்திப் போட்டீங்க?"

"ரொம்ப நேரம் நிறுத்தலைங்க. சூட்டோடயே எறக்கிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். காட்டு வழியில் கியரை மாற்றி மாற்றி ஓட்டி வந்த வண்டியில் டிஃபரன்ஷியல் கூடு நல்ல சூட்டில் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அந்தக் காற்று போய்வர ஆக்ஸிலின் மேல் சின்னதாக ஒரு மூச்சுவழி வைத்திருப்பார்கள், பிரீதர் என்று பெயர். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் கூடு சட்டென்று ஆறுகிறது. உள்ளே காற்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்துக்கு வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். பிரீதர் தண்ணீருக்கு மேலே திறந்திருந்தால் காற்றை இழுக்கும். என் வண்டியில் அது ஆக்ஸிலோடு ஒட்டியபடி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது, அதுவும் சேறு காய்ந்து அடைத்துப்போய். அதனால் ஆயில் சீல் வழியாக ஆற்றையே உறிஞ்சிவிட்டது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை என்று அதுவரை நம்பியிருந்தேன். மண்ணிலும் சேற்றிலும் அந்த நம்பிக்கையை இந்த வண்டி பல தடவை மெய்யாக்கிக் காட்டியிருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

என்னுடையது 1998 மாடல் ஜிப்ஸி கிங். ஜிப்ஸி முதலில் சந்தைக்கு வந்தது 1985 டிசம்பரில். சுஸுகியின் எஸ்ஜே410 வண்டியைக் கொஞ்சம் நீட்டி, 970 சிசி எஞ்சினோடு மாருதி இங்கே செய்தது. 1996-ல் 1298 சிசி எஞ்சின் வைத்து 'கிங்' வந்தது. ராணுவம், காவல்துறை, வனத்துறை என்று எல்லாரிடமும் இருந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-ஐ ஒட்டி நின்றுபோனது. 2023 ஜூனில் அதே வம்சத்தில் ஐந்து கதவு ஜிம்னி வந்தபோது நண்பர்கள் எல்லாரும் மாற்றச் சொன்னார்கள். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் உள்ள என் ஜிப்ஸி வேகத்தடையில் ஆளைத் தூக்கிப் போடும். ஜிம்னி காயில் ஸ்பிரிங்கில் பஞ்சுபோலப் போகிறது. ஓட்டிப் பார்த்தேன், அருமையான வண்டி. ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை.

இந்த வம்சத்தின் மூதாதை 1970-ல் ஜப்பானில் வந்த எல்ஜே10. ஹோப் என்ற சின்ன நிறுவனம் 1967-ல் செய்த வண்டியின் உரிமையை சுஸுகி வாங்கி, தன் 359 சிசி எஞ்சினை அதில் வைத்தது. அங்கே சின்ன வண்டிகளுக்கென்று உள்ள வரிச்சலுகை கிடைக்க வேண்டுமானால் நீளம் 3 மீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்காக ஸ்டெப்னியை வண்டிக்குள்ளே, பின்சீட்டு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள். ஆகவே மூன்று பேர்தான் உட்கார முடியும். ஆளைக் குறைத்தாலும் பரவாயில்லை, வண்டி சின்னதாக இருக்கட்டும் என்று முதல் நாளிலேயே முடிவெடுத்த குடும்பம் இது. அந்தச் சின்ன உடம்புக்கு என்ன தெம்பு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2007 ஏப்ரலில் சிலி நாட்டுக்காரர்கள் இருவர், மாற்றியமைத்த சுஸுகி சாமுராய் ஒன்றில், அதாவது ஜிப்ஸிக்கு உடன்பிறந்த வண்டியில், ஓஹோஸ் தெல் சலாதோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறினார்கள். சக்கர வண்டி ஒன்று ஏறிய உயரத்தில் அன்றைக்கு அதுதான் உலக சாதனை.

எடைதான் எல்லாவற்றுக்கும் காரணம். என் ஜிப்ஸி ஆளில்லாமல் ஒரு டன்னை ஒட்டி நிற்கும். இன்றைக்குப் பெருமையாக ஓட்டப்படும் பெரிய எஸ்யூவிகள் இரண்டு டன்னைத் தாண்டுகின்றன.

மணலில் எடை என்ன செய்யும் என்பதை நான் முதலில் பார்த்தது தனுஷ்கோடியில், ஜிப்ஸி வாங்குவதற்கு வெகுகாலம் முன்னால். 1964 டிசம்பர் புயல் அடித்துக்கொண்டு போன ஊருக்கு அப்போது சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் வேனில் ஏற்றி, மணலிலும் கடல்நீரிலுமாக அழைத்துப் போவார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு அந்தப் பயணம் முடிந்துவிட்டது. எங்கள் வேனின் டிரைவர் காய்ந்த மணல் பக்கமே போகவில்லை. அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலிலேயே சக்கரத்தை வைத்துக்கொண்டு போனார். நீர் இருக்கும் இடத்தில் புதையும் என்று நினைத்திருந்த எனக்கு அது புதுசு. நனைந்த மணலில் துகள்களுக்கு இடையே இருக்கும் ஈரம் அவற்றைப் பிடித்து வைக்கிறது. காய்ந்த மணலில் பிடிமானம் கிடையாது. ஒரே ஒரு இடத்தில் காய்ந்த மணலைக் கடக்க வேண்டியிருந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம்.

ஜிப்ஸியில் அந்தத் தொல்லை இல்லை. டயர் காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் போதும். டயர் தரையில் படியும் தடம் நீள்கிறது, அதே எடை அதிக இடத்தில் பரவுகிறது, வண்டி மணல்மேல் நடப்பதுபோலப் போகிறது. கோபி பக்கம் நண்பனின் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் ஒரு மழைக்காலத்தில் பெரிய எஸ்யூவி ஒன்று வயிறு வரை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதைச் சுற்றிக்கொண்டு அதே சேற்றில் நான் போனேன். முன் சக்கரமும் இழுக்கும்படி அதன் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டி, சின்ன நெம்புகோலை 4எல்-இல், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலையில் போட்டு, இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதிக்காமல் விட்டேன். போய்விட்டது. அப்படியே சிக்கிக்கொண்டாலும் ரெண்டு பேர் தோள் கொடுத்தால் வெளியே வரும். லேசான வண்டி என்பது எப்பேர்ப்பட்ட வரம் என்று அன்றைக்குத் தோன்றியது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

தண்ணீரில் அதே வரம் தலைகீழாகிறது. இதைப் பாடப்புத்தகக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஜிப்ஸியின் அடித்தளம் தோராயமாக நாலரை சதுர மீட்டர் வரும். தண்ணீர் தரைத்தகட்டுக்கு மேலே 10 சென்டிமீட்டர் ஏறி, உள்ளே வராமல் இருந்தால், வண்டி 450 லிட்டர் தண்ணீரைத் தள்ளிவிட்டு நிற்கிறது என்று அர்த்தம். அதாவது 450 கிலோ மேல்நோக்கித் தூக்குகிறது. ஒரு டன் வண்டியில் கிட்டத்தட்டப் பாதி எடை டயருக்கு இல்லாமல் போய்விட்டது. 20 சென்டிமீட்டர் ஏறினால் 900 கிலோ. அதற்குமேல் அது வண்டி இல்லை, மூடி போட்ட டப்பா. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஆறு இழுக்கிற பக்கம்தான் போகும்.

முழுசாக மிதக்க வேண்டும் என்றுகூட இல்லை. டயர் தரையைப் பிடிப்பது எடையால். பாதி எடை போனால் பாதிப் பிடி போகிறது. அதே நேரம் ஓடும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: நீரோட்டம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. குளத்தில் நிற்கும் இடுப்பளவு தண்ணீரைவிட ஆற்றில் ஓடும் முழங்கால் தண்ணீரை நான் பயந்து பார்ப்பது இதனால்தான். இரண்டரை டன் எஸ்யூவி சேற்றில் புதையும், ஆனால் இதே ஆற்றில் என் வண்டியைவிடக் கெட்டியாகத் தரையைப் பிடிக்கும்.

என் ஜிப்ஸிக்குக் கதவு இடுக்கு நன்றாக ஒழுகும். முன்பெல்லாம் ரப்பர் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். இப்போது மாற்றுவதில்லை. தண்ணீர் உள்ளே வந்தால் தூக்கும் விசை குறைகிறது, சக்கரம் தரையில் நிற்கிறது. தரைத்தகட்டில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களை ஆற்றுக்கு முன்னால் நானே பிடுங்கிவிடுவேன். சீட்டுக்கு அடியில் எதையும் வைப்பதில்லை. கால் நனையட்டும்.

மோயாற்றை முதல் தடவை கடந்தது ஒரு மார்ச் மாதம். பவானிசாகரிலிருந்து காராச்சிக்கொரை சோதனைச்சாவடி வழியாகக் காட்டுக்குள் போனால் ஆற்றங்கரை வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டத்து ஊர், ஆனால் வழி இந்தப் பக்கம். பேருந்து கரையோடு நின்றுவிடும், அப்புறம் பரிசல்தான். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. என் நண்பனின் பெரியம்மா அங்கே இருக்கிறார். அனுமதி வாங்கி, அரிசி மூட்டைகளோடு போனோம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எல்லா ஆற்றிலும் முதலில் கழியோடு நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை இறக்குவேன். மோயாற்றில் அது முடியாது, முதலைகள் உண்டு. அங்கே கண்ணால்தான் நடக்க வேண்டும். கூழாங்கல்லில் தண்ணீர் உடைந்து சலசலக்கும் இடத்தில் ஆழம் குறைவு. கண்ணாடிபோல அமைதியாகப் போகும் இடத்தில் அடி தெரியாது. எதிர்க்கரையில் ஏறும் சரிவு கொஞ்சம் கீழ்நீர்ப்பக்கம் இருந்தால் நல்லது, ஆறு தள்ளும் திசையிலேயே சாய்ந்து போகலாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பரிசல் ஓட்டும் பெரியவர். அந்த ஊர் ஜீப்புகள் எந்தத் தடத்தில் போகும் என்று கழியை நீட்டிக் காட்டினார்.

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கை மடித்துக் கட்டினேன். அது இரண்டு வேலை செய்கிறது. பானட்டுக்குள் தண்ணீர் நேராகப் பாய்வதைத் தடுக்கிறது. ஃபேன் தண்ணீரை அள்ளி எஞ்சின்மேல் இறைப்பதையும் குறைக்கிறது. கார்புரேட்டர் வண்டியில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நனைந்தால் அங்கேயே எஞ்சின் இருமிச் செத்துவிடும். 4எல், முதல் கியர். இறங்கிய பிறகு கிளட்சைத் தொடக்கூடாது, கியர் மாற்றக்கூடாது, நிற்கக்கூடாது. ஆள் நடக்கும் வேகம். அந்த வேகத்தில் போனால் பம்பருக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழும்பும். அந்த அலைக்குப் பின்னால், எஞ்சின் இருக்கும் இடத்தில், தண்ணீர் மட்டம் சுற்றிலும் இருப்பதைவிடத் தாழ்ந்து நிற்கும். அலையைத் துரத்தாமல், அது தப்பியும் போகாமல் அதன் பின்னாலேயே போக வேண்டும். வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் பானட்டில் ஏறும். நின்றால் அந்த அலையே திரும்பி வந்து எஞ்சினுக்குள் புகும்.

சைலன்ஸர் தண்ணீருக்குள் குமிழிவிடும் சத்தம் ஒன்று இருக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் போல. அது கேட்கும் வரைக்கும் பயமில்லை, எஞ்சின் மூச்சு வெளியே போகிறது என்று பொருள். நடு ஆற்றில் ஒரு நொடி பின்பக்கம் லேசாக நழுவியது. ஸ்டியரிங்கில் கனமே இல்லை. அடுத்த கல்லில் டயர் பட்டதும் கனம் திரும்பி வந்தது. கரை ஏறியதும் நண்பன் கையைத் தட்டினான். எனக்கு அந்த ஒரு நொடிதான் மனசில் நின்றது. அந்தப் பயணத்தின் பரிசுதான் பெயின்ட் டப்பாவில் இறங்கிய டீ நிற ஆயில்.

ஆயிலோடு தப்பித்தது என் பாக்கியம். 2015 டிசம்பர் மழையில் சென்னையில் என் சித்தப்பா மகன் பட்டது இதைவிட மோசம். அவன் கார் சாதாரண கார், காற்று இழுக்கும் வாய் தாழ்வானது. தெருவில் நின்ற தண்ணீரில் போகும்போது எதிரே வந்த லாரியின் அலை அடித்து எஞ்சின் நின்றது. அதுவரை பெரிய சேதம் இருந்திருக்காது. பதற்றத்தில் சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறான். சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து அந்தத் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டியதாயிற்று. தயவுசெய்து இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்: தண்ணீரில் எஞ்சின் நின்றால் சாவியைத் தொடாதீர்கள். வண்டியை வெளியே இழுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அதன் பிறகு சுற்றவிட்டால் உள்ளே போன தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியே வந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஆக்ஸிலின் பிரீதருக்கும் ரப்பர் குழாய் மாட்டினோம். முன்னது பானட்டுக்குள் மேலே வரை, பின்னது பின்விளக்குக்குப் பக்கத்தில் வரை. குழாயும் கிளிப்பும் சேர்த்தே சில நூறு ரூபாய்தான் ஆனது. இப்போதெல்லாம் ஆற்றங்கரையில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, ஆக்ஸில் மேல் கைவைத்துப் பார்ப்பேன். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தால்தான் இறக்குவது. வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்துவேன்.

இத்தனையும் சரிசெய்துகொண்டு அக்டோபரில் மறுபடி போனோம். இந்தத் தடவை பெரியம்மாவுக்கு ஒரு கிரைண்டர், கோயம்புத்தூரில் வாங்கியது. கல்லோடு நல்ல கனம். அதைப் பரிசலில் ஏற்றி இறக்குவது சிரமம், வண்டியோடு வாசலிலேயே இறக்கிவிடலாம் என்று திட்டம். கரைக்குப் போனபோது வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. அங்கே மழை இல்லை. ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் ஓடியது.

"ஏனுங்கய்யா, தண்ணி எவ்வளவு இருக்குங்க?"

"நேத்து முட்டிக்கு இருந்துச்சு தம்பி. இன்னிக்குத் தொடைக்கு மேல. மேல மழைங்க. காலைல அந்தக் கல்லு தெரிஞ்சுது, இப்பத் தெரியல பாருங்க."

நண்பன் என்னைப் பார்த்தான். பிரீதர் குழாய் இருக்கிறது, சாக்கு இருக்கிறது, ஆக்ஸில் ஆறிவிட்டது. டிராக்டர் ஒன்று அந்தப் பக்கமிருந்து டிரெய்லரோடு வந்துகொண்டிருந்தது. பெரிய சக்கரத்தின் பாதி வரை தண்ணீர். ஆனாலும் அசையாமல் வந்தது.

"டிராக்டர் வருதுங்களே?"

"அது கனமுங்க தம்பி. உங்க வண்டி லேசு. தூக்கிரும்."

நான் காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கை அவர் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டார். ஜிப்ஸியைத் திருப்பி, மேட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கிரைண்டரை மூன்று பேர் பிடித்து இறக்கினோம்.

பரிசலின் நடுவில் கிரைண்டரை வைத்து, சுற்றிலும் ஆறு பேர் குந்தினோம். ஊருக்குப் போகும் இரண்டு உர மூட்டைகளும் ஏறின. மூங்கில் பட்டைகளை முடைந்து, அடியில் பிளாஸ்டிக் சாக்கு சுற்றி, தார் பூசியது. என் கைகளை விரித்து விட்டத்தை அளந்து பார்த்தேன். எட்டடிக்குக் குறையாது. கணக்குப் போட்டால் பரப்பு நாலரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. என் ஜிப்ஸியின் தரையும் அதுவேதான். ஆட்கள், மூட்டை, கல் எல்லாம் சேர்த்து 500 கிலோவை எட்டியிருக்கும். விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். பரிசல் தண்ணீரில் அமிழ்ந்தது ஒரு சாண் இருக்கும். பெரியவர் முன்பக்கம் குனிந்து துடுப்பைத் தன்னை நோக்கி வலித்தார். ஆறு எங்களைச் சுழற்றியபடியே கீழே தள்ளியது. அவர் எதிர்க்கவில்லை. தள்ளுகிற பக்கமே விட்டு, நாற்பது ஐம்பது அடி கீழே, மணல் இருந்த இடத்தில் கரையேற்றினார்.

பெரியம்மா அன்றைக்கே கிரைண்டரில் மாவு ஆட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதால் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பினோம். திரும்பும்போது பரிசல் இன்னும் மேலேயிருந்து புறப்பட வேண்டியிருந்தது. காலையில் நான் இறக்க நினைத்த தடத்தில், சலசலப்பு இருந்த இடம் அடங்கி, கண்ணாடிபோலப் போய்க்கொண்டிருந்தது.

மேட்டில் ஜிப்ஸி நின்ற இடத்தில் நின்றது. ஸ்டார்ட் செய்வதற்கு முன், பழக்கத்தில், பின்னால் குனிந்து ஆக்ஸில் மேல் கைவைத்தேன். சில்லென்று இருந்தது. முன்னால் கட்டியிருந்த சாக்கு காய்ந்தபடியே இருந்தது. அவிழ்த்துச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு, காராச்சிக்கொரை பக்கம் வண்டியைத் திருப்பினேன்.